பெருந்தொற்றுக் காலமும் பிரிந்த பெற்றோரின் பிள்ளைகளும்

செஞ்சியிலிருந்து திருவண்ணாமலைக்கு சுமார் 40 கிலோமீட்டர். பஸ் ஏறினால் ஒரு மணி நேரம். ஆனால் செஞ்சி விழுப்புரம் மாவட்டம், அது வேறு மாவட்டம். சாதாரண நாட்களில் நம்மில் யாருக்கும் இது நினைவுக்கு வருவதே இல்லை. 2020-ல்தான் அந்த எல்லைக்கோடு எங்கே இருக்கிறது என்பதைப் பலரும் தெரிந்துகொண்டோம்.

குலா மூலம் பிரிந்த ஒரு தம்பதி. கணவர் செஞ்சியில் சிறு கடை வைத்திருப்பவர். மனைவி நான்கு வயது மகனோடு திருவண்ணாமலையில் தாய் வீட்டில். மாதத்தின் இரண்டாவது, நான்காவது ஞாயிறு, லுஹர் முதல் அஸர் வரை, பிள்ளையைத் தந்தை பார்க்கலாம் என்று இரண்டு ஊர் ஜமாஅத்தும் உட்கார்ந்து எழுதிக் கொடுத்திருந்தோம். இடம் செஞ்சிக் கோட்டை. தாய்மாமன் பிள்ளையை பைக்கில் அழைத்து வருவார். கல்யாண மகால் பக்கத்துப் புல்தரையில் அத்தாவும் மகனும் குரங்குகளை வேடிக்கை பார்த்துக்கொண்டு இருப்பார்கள். எந்தத் தரப்பின் வீட்டு வாசலையும் யாரும் மிதிக்க வேண்டியதில்லை. அதனால்தான் அந்த இடம்.

2020 மார்ச் 8 இரண்டாவது ஞாயிறு. சந்தித்தார்கள். மார்ச் 17 அன்று தொல்லியல் துறையின் கீழுள்ள நினைவுச் சின்னங்கள் நாடு முழுவதும் மூடப்பட்டன, நம் கோட்டையும்தான். மார்ச் 22 நான்காவது ஞாயிறு, அன்று மக்கள் ஊரடங்கு. 24-ம் தேதி மாலை தமிழகத்தில் 144 வந்தது, மறுநாள் நாடே அடங்கியது. (இளங்கலையில் வரலாறு படித்த பழக்கத்தில் ஒன்று சொல்லிவிடுகிறோம்: மொகலாயப் படை இந்தக் கோட்டையை ஏழெட்டு ஆண்டுகள் முற்றுகையிட்டிருந்தது, அதன் நடுவிலும் ராஜாராம் தப்பிச் செல்ல ஒரு வழி இருந்தது. 2020-ல் ஒரு அறிவிப்புப் பலகை எல்லா வழியையும் அடைத்துவிட்டது.)

ஏப்ரல் நடுவில் அந்தத் தந்தை நமக்குப் போன் செய்தார். "ஹஜ்ரத், இ-பாஸுக்கு கல்யாணம் போடலாம், மவுத்து போடலாம், ஆஸ்பத்திரி போடலாம். புள்ளைய பாக்கணும்னு போட எடமே இல்லையே" என்றார். "ஸப்ர் செய்யுங்கள், எல்லாருக்கும் இதே நிலைதான்" என்று சொல்லி வைத்துவிட்டோம். அந்தப் பதில் போதுமான பதில் அல்ல என்று இப்போது தோன்றுகிறது. எல்லாருக்கும் அதே நிலை இல்லை. நாம் நம் பிள்ளைகளோடு ஒரே கூரையின் கீழ் இஃப்தார் செய்துகொண்டிருந்தோம்.

இரண்டு பக்கமும் நியாயம் இருந்தது

இப்படிப்பட்ட வழக்குகளில் நாம் உடனே ஒரு பக்கம் சாய்ந்துவிடுகிறோம். "தாய் வீட்டார் கொரோனாவைச் சாக்காக வைத்துப் பிள்ளையை மறைக்கிறார்கள்" என்று தந்தை தரப்பு. "கடையில் நூறு பேரிடம் கைநீட்டி வாங்குகிறவர் வந்து பிள்ளையைத் தொட்டால் வீட்டில் உள்ள பெரியவருக்கு என்ன ஆகும்?" என்று தாய் தரப்பு. அந்த வீட்டில் சர்க்கரை நோயுள்ள நன்னா இருந்தார். மே மாதம் கோயம்பேடு சந்தையிலிருந்து திரும்பியவர்கள் வழியாக விழுப்புரம், கடலூர் பக்கமெல்லாம் தொற்று பரவியபோது அந்தப் பயம் கற்பனை அல்ல. அதே சமயம், பயம் உண்மையாக இருப்பதாலேயே பிள்ளையின் உரிமை காணாமல் போய்விடாது. போனில் கூடப் பேச விடாததற்குக் கிருமி காரணம் அல்ல, மனக்கசப்புதான் காரணம். கிருமி போனில் பரவாது.

ஆகவே முதலில் பிரித்துப் பார்க்க வேண்டியது இதைத்தான்: நோயால் நின்றுபோவது எது, நாம் நிறுத்துவது எது.

நீதிமன்றம் என்ன சொன்னது

இந்தப் பிரச்சினை உச்ச நீதிமன்றத்துக்கே போனது. ஊரடங்கால் பிரிந்து வாழும் பெற்றோர் பிள்ளைகளைப் பார்க்க முடியவில்லை என்று தொடுக்கப்பட்ட மனுவை 2020 ஏப்ரல் 30 அன்று நீதிபதி என்.வி. ரமணா தலைமையிலான மூவர் அமர்வு விசாரித்தது. நேரில் சந்திப்பதற்குப் பதிலாக மின்னணு வழித் தொடர்பை இருவரும் பேசி ஒப்புக்கொள்ளலாம், அது நடக்காமல் யாருக்காவது குறை இருந்தால் அவர் குடும்ப நல நீதிமன்றத்தை அணுகலாம் என்பது அதன் சாரம். எல்லாருக்கும் பொதுவாக ஒரே உத்தரவு போடவில்லை. இது அந்தந்தக் குடும்பத்தின் விவகாரம் என்று பார்த்தார்கள்.

அதற்கு மூன்று மாதம் முன்பே, நோய் இங்கே வராத காலத்தில், 2020 ஜனவரி 20 அன்று யஷிதா சாஹு வழக்கில் அதே நீதிமன்றம் ஒரு முக்கியமான கருத்தைச் சொல்லியிருந்தது. சந்திக்கும் உரிமை என்பது ஒன்று, தொடர்பில் இருக்கும் உரிமை என்பது இன்னொன்று. பிள்ளை யாரிடம் இல்லையோ அவர் தினமும் ஐந்து, பத்து நிமிடம் வீடியோ அழைப்பில் பேச வழி இருக்க வேண்டும் என்றது. தாய் தந்தை சண்டையில் பிள்ளைக்கு இருவரின் அன்பும் கிடைக்க வேண்டும் என்பதே அடிப்படை என்றும் சொன்னது. இந்தத் தீர்ப்பைப் பிரிந்த தம்பதிகள் இருக்கும் ஒவ்வொரு வீட்டிலும் தெரிந்துவைத்திருக்க வேண்டும். ஊரடங்கில்லாத நாளுக்கும் இது பொருந்தும்.

இங்கிலாந்தில் உறவினர் உள்ள குடும்பங்கள் அங்கே நடந்ததைக் கேள்விப்பட்டிருக்கலாம். அங்கு ஊரடங்கு அறிவித்த மறுநாள், 2020 மார்ச் 24 அன்று, ஓர் அமைச்சரே தொலைக்காட்சியில் பிள்ளைகள் ஒரு வீட்டிலிருந்து இன்னொரு வீட்டுக்குப் போகக் கூடாது என்று சொல்லிவிட்டுப் பிறகு திருத்திக்கொண்டார். அன்றே குடும்ப நீதிமன்றப் பிரிவின் தலைவர் ஆண்ட்ரூ மெக்ஃபார்லேன் வழிகாட்டுதல் வெளியிட்டார். 18 வயதுக்குட்பட்ட பிள்ளைகளைப் பெற்றோர் இருவரின் வீடுகளுக்கிடையே அழைத்துச் செல்லலாம். ஆனால் அழைத்துச் சென்றே ஆக வேண்டும் என்பதல்ல. இரு வீட்டிலும் நோயாளிகள், வயதானவர்கள் உண்டா என்று பார்த்துப் பெற்றோர் முடிவு செய்ய வேண்டும் என்றது. நம் இ-பாஸ் பட்டியலில் இப்படி ஒரு வரி இருந்திருந்தால் எத்தனையோ வீடுகளில் கண்ணீர் மிச்சமாகியிருக்கும்.

ஷரீஅத் இதில் எங்கே நிற்கிறது

"பிள்ளை தகப்பனுக்குத்தான், ஷரீஅத் அப்படித்தான்" என்று ஒரு பேச்சு நம் மஹல்லாக்களில் உண்டு. "தாய்க்குத்தான் எல்லா உரிமையும்" என்று அதற்கு எதிர்ப்பேச்சும் உண்டு. இரண்டுமே அரைகுறை.

சிறு பிள்ளையை வளர்க்கும் பொறுப்புக்கு ஹளானத் என்று பெயர். அதில் தாய்க்கே முதலிடம். தன்னிடமிருந்து குழந்தையைப் பறிக்கப் பார்க்கிறார் கணவர் என்று முறையிட்ட பெண்ணிடம், நீ மறுமணம் செய்யாத வரை உனக்கே அதிக உரிமை என்று நபி (ஸல்) அவர்கள் தீர்ப்பளித்ததை அபூதாவூத் பதிவு செய்திருக்கிறது. ஹனஃபி மத்ஹபில் ஆண் பிள்ளைக்கு ஏழு வயது வரை, பெண் பிள்ளைக்குப் பருவம் அடையும் வரை. ஷாஃபிஈ மத்ஹபில் விவரம் தெரியும் வயது, சுமார் ஏழு, வந்ததும் பிள்ளையே தேர்ந்தெடுக்கும். செலவு எல்லா நிலையிலும் தந்தை மீதே.

நமக்கு வேண்டியது அடுத்த கேள்வி: பிள்ளை ஒருவரிடம் இருக்கும்போது மற்றவர் நிலை என்ன? ஹனஃபி நூல்கள் இதில் நுணுக்கமாகப் பேசுகின்றன. பிள்ளையை வைத்திருப்பவர், மற்றவர் வீட்டுக்கு அதை அனுப்பியே தீர வேண்டும் என்று கட்டாயப்படுத்தப்பட மாட்டார். ஆனால் மற்றவர் பிள்ளையைக் கண்ணால் பார்க்கக்கூடிய ஓர் இடத்துக்குப் பிள்ளையைக் கொண்டுவர வேண்டும். பார்ப்பதைத் தடுக்க உரிமை இல்லை. ஷாஃபிஈ நூல்களில், பிள்ளை தந்தையைத் தேர்ந்தெடுத்தாலும் தாயைப் போய்ப் பார்ப்பதைத் தந்தை தடுக்கக் கூடாது என்றும், பிள்ளை நோயுற்றால் பணிவிடை செய்யத் தாயே முதல் தகுதியுடையவர் என்றும் இருக்கிறது. நோய்க்காலம் பற்றி நம் இமாம்கள் யோசிக்காமல் விடவில்லை.

அல்பகரா அத்தியாயத்தின் 233-வது வசனம் பால்குடி பற்றியது என்று ஓதிவிட்டுக் கடந்துவிடுகிறோம். பிள்ளையைக் காரணமாக வைத்துத் தாய்க்கும் தீங்கு கூடாது, தந்தைக்கும் கூடாது என்பது அதில்தான் இருக்கிறது. பால்குடியை நிறுத்துவது போன்ற விஷயத்தைக்கூட இருவரும் மனமொப்பி, கலந்து பேசி முடிவெடுக்கச் சொல்வதும் அதில்தான். மணவிலக்குப் பற்றிய வசனங்களுக்கு நடுவே வருவது இது.

உமர் (ரலி) அவர்கள் வாழ்வில் இரண்டு சம்பவங்கள். ஒன்று எல்லாருக்கும் தெரியும். கொரோனா காலத்தில் எல்லா வாட்ஸ்அப் குழுவிலும் சுற்றியது. ஷாம் நாட்டை நோக்கிச் சென்றவர்கள் ஸர்ஃக் என்ற இடத்தில் கொள்ளைநோய்ச் செய்தி கேட்டு, தோழர்களிடம் ஆலோசித்துத் திரும்பினார்கள். விதியை விட்டு ஓடுகிறீர்களா என்று அபூஉபைதா (ரலி) கேட்டபோது, அல்லாஹ்வின் ஒரு விதியிலிருந்து அவனுடைய இன்னொரு விதிக்கே போகிறோம் என்ற கருத்தில் பதில் சொன்னார்கள். நோய் உள்ள ஊருக்குள் போகாதீர்கள், அங்கிருந்து வெளியேறாதீர்கள் என்ற நபிமொழியை அப்துர் ரஹ்மான் இப்னு அவ்ஃப் (ரலி) வந்து சொன்னது அப்போதுதான்.

மற்றது அதிகம் பேசப்படாதது. இமாம் மாலிக்கின் முவத்தாவில் இருக்கிறது. உமர் (ரலி) தம் அன்ஸாரி மனைவியைப் பிரிந்திருந்தார்கள். அவர்களுடைய மகன் ஆஸிம். ஒருநாள் குபாவுக்குப் போனவர்கள், பள்ளிவாசல் முற்றத்தில் மகன் விளையாடுவதைப் பார்த்தார்கள். கையைப் பிடித்துத் தூக்கித் தம் வாகனத்தில் முன்னால் உட்கார வைத்துக்கொண்டார்கள். பிள்ளையின் பாட்டி ஓடிவந்து மறித்தார். வாக்குவாதம் முற்றி, கலீஃபா அபூபக்ர் (ரலி) அவர்களிடம் போனது. என் மகன் என்றார் உமர். என் மகன் என்றார் அந்தப் பெண்மணி. பிள்ளையை அவரிடமே விட்டுவிடுங்கள் என்றார் அபூபக்ர். உமர் மறுபேச்சுப் பேசவில்லை.

இதைப் பயானில் சொன்னால், பாட்டி ஜெயித்ததை மட்டும் சிலர் எடுத்துக்கொள்கிறார்கள். நமக்கு அதில் முதலில் தெரிவது, முற்றத்தில் விளையாடும் மகனைக் கண்டதும் உமரைப் போன்றவர்களுக்கே கை நீண்டது என்பதுதான். பிள்ளையைப் பார்க்காமல் இருக்கும் தகப்பனின் மனநிலை அது. அதைக் குற்றமாகப் பார்க்க வேண்டாம். ஆனால் வாகனத்தில் ஏற்றிக்கொண்டு போய்விடவும் முடியாது. ஊரடங்கு காலத்தில் "ஒருநாள் பார்த்துவிட்டு வருகிறேன்" என்று அழைத்துப் போய், ரோடு மூடிவிட்டது என்று சொல்லித் திருப்பி அனுப்பாதவர்களும் இருக்கிறார்கள். அவர்களுக்கும் இந்தச் சம்பவத்தில் பதில் இருக்கிறது.

எழுதும்போதே எழுதிவிடுங்கள்

பிரிவுப் பேச்சுவார்த்தைக்கு ஜமாஅத்தில் உட்காரும்போது மஹர், சீர், நகை என்று பட்டியல் நீளும். பிள்ளையைப் பார்ப்பது ஒரே வரியில் முடிந்துவிடும். நாம் எழுதிய பத்திரமும் அப்படித்தான் இருந்தது. நாள், நேரம், இடம். அந்த இடமே மூடினால், பாதை அடைபட்டால், யாருக்காவது காய்ச்சல் என்றால் என்ன செய்வது என்று ஒரு சொல் இல்லை.

இருக்க வேண்டியது இவ்வளவுதான். நேரில் பார்க்க முடியாத நாளில் அதே நேரத்தில் வீடியோ அழைப்பு. யார் அழைப்பது, எந்த எண்ணில் என்பது முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டும். தவறிய சந்திப்புகளைக் கணக்கில் வைத்து, நிலைமை சரியானதும் ஈடுசெய்வது. யார் வீட்டில் தொற்று வந்தாலும் மறைக்காமல் அன்றே மற்றவருக்குச் சொல்வது. தொற்று கண்டவர் தனிமை முடித்து நலமான பிறகே பிள்ளையைத் தொடுவது. தந்தைக்கும் அதே விதி, தாய் வீட்டாருக்கும் அதே விதி. பிள்ளைக்கே காய்ச்சல் என்றால் இருக்கும் இடத்திலேயே இருக்கட்டும், மற்றவருக்குத் தினமும் விவரம் போகட்டும். பிள்ளையைக் கொண்டுவந்து கொடுக்க ஒருவர், அவருக்கு முடியாவிட்டால் இன்னொருவர்.

வீடியோ அழைப்பைப் பற்றி அனுபவத்தில் கண்டது ஒன்று. நான்கு வயதுப் பிள்ளையிடம் "சாப்டியா, ஓதினியா, யாரு அடிச்சா" என்று கேள்வி மேல் கேள்வி கேட்டால் இரண்டாவது நிமிடமே ஓடிவிடும். நம் தந்தை முதலில் அப்படித்தான் செய்தார். பிள்ளை பேச மறுக்கிறது, தாய் சொல்லிக் கொடுத்திருக்கிறாள் என்று கோபப்பட்டார். பிறகு யாரோ சொல்லி, கடை மாடியிலிருந்து ராஜகிரி மலையைக் காட்டினார், கடைக்கு வரும் பூனையைக் காட்டினார். பிள்ளை உட்கார்ந்துவிட்டான். போனை வேவு பார்க்கவும் பயன்படுத்தாதீர்கள். "அந்த ரூமைக் காட்டு, வீட்டுக்கு யார் வந்தது" என்று பிள்ளையிடம் கேட்ட அன்றே அந்த வழி அடைபட்டுவிடும். தாய்மார்களுக்கும் ஒரு சொல்: போனைப் பிள்ளை கையில் கொடுத்துவிட்டுப் பக்கத்தில் நின்று முணுமுணுக்காதீர்கள்.

பணத்தையும் பார்வையையும் முடிச்சுப் போடுவது இன்னொரு கொடுமை. கடை மூடியதால் நஃபகா தர முடியாதவரிடம் "பணம் வந்தால் போன்" என்பதும், "பிள்ளையைக் காட்டினால்தான் பணம்" என்பதும் ஒரே தவறின் இரண்டு முகம். அத்தலாக் அத்தியாயத்தின் 7-வது வசனம் வசதிக்கேற்பச் செலவு செய்யச் சொல்கிறது. குறைவாகக் கொடுக்கலாம், கொடுக்காமல் இருக்க முடியாது. இரண்டுக்கும் தனித்தனி வழி உண்டு, சட்டத்திலும்.

ஜமாஅத்தின் காகிதத்துக்கு ஒரு எல்லை உண்டு என்பதையும் மறைக்க விரும்பவில்லை. ஒருவர் மீறினால் முத்தவல்லி என்ன செய்ய முடியும்? பிள்ளை வழக்கமாக வசிக்கும் இடத்து நீதிமன்றத்தில் 1890-ம் ஆண்டு காப்பாளர், காப்பிலுள்ளோர் சட்டத்தின்படி மனு செய்யலாம். இடைக்கால உத்தரவும் கேட்கலாம். அந்தச் சட்டத்தின் 17-வது பிரிவு பிள்ளையின் நலனையே அளவுகோலாக வைக்கிறது; அறிவு முதிர்ந்த பிள்ளையாக இருந்தால் அதன் விருப்பத்தையும் கேட்கலாம் என்கிறது. சிறுவனிடமே தாயா தந்தையா என்று தேர்ந்தெடுக்கச் சொன்ன நபிமொழியை அறிந்தவர்களுக்கு இது அந்நியமாகத் தெரியாது. சமரசமாகிவிட்டால் அதை மக்கள் நீதிமன்றத்தில் பதிவு செய்யுங்கள். அதற்கு உரிமையியல் நீதிமன்றத் தீர்ப்பின் வலு உண்டு. பெண்களுக்கும் பிள்ளைகளுக்கும் வருமான வரம்பு பார்க்காமல் சட்டப்பணிகள் குழு இலவச உதவி தருகிறது. 15100 என்ற எண்ணில் கேட்கலாம்.

ஒரு விதிவிலக்கு. அடி, உதை, குடி, மிரட்டல் என்ற காரணத்தால் பிரிந்த வீடுகளுக்கு மேலே சொன்ன "விட்டுக்கொடுங்கள், பேசுங்கள்" எல்லாம் பொருந்தாது. அங்கே சந்திப்பு மூன்றாவது நபர் முன்னிலையில்தான் நடக்க வேண்டும், தேவைப்பட்டால் நடக்கவே கூடாது. 2005-ம் ஆண்டு குடும்ப வன்முறைச் சட்டத்தின் 21-வது பிரிவு, பிள்ளைக்குத் தீங்கு என்று கருதினால் சந்திப்பை மறுக்க நடுவருக்கு அதிகாரம் தருகிறது. அத்தகைய பெண்ணிடம் ஜமாஅத் போய் "அவன் தகப்பன் அல்லவா" என்று வற்புறுத்துவது பாவம். பெண்களுக்கான உதவி எண் 181, பிள்ளைகளுக்கு 1098.

சாவடிக்கு இரு பக்கம்

அந்தத் தந்தைக்கு என்ன ஆனது என்று கேட்பீர்கள். 2020 மே 25 நோன்புப் பெருநாள். பள்ளிகள் பூட்டியிருந்தன, வீட்டிலேயே தொழுதோம். அவர் மகனுக்கு எடுத்த சட்டை கடையில் மடித்தபடி இருந்தது. அந்த வாரம் திருவண்ணாமலையிலிருந்து நமக்குப் போன் வந்தது. பேசியது பிள்ளையின் தாய். "மாவட்ட எல்லைச் சாவடி வரைக்கும் எங்க அண்ணன் புள்ளைய கூட்டிட்டு வருவாரு. அவங்கள அந்தப் பக்கம் வந்து நிக்கச் சொல்லுங்க ஹஜ்ரத். தொட வேணாம், பாத்துக்கட்டும்" என்றார்.

இரண்டு ஜமாஅத்தின் பெரியவர்களுக்கும், மத்ஹப் நூல்களை ஓதிய நமக்கும் தோன்றாத வழி. பிள்ளையைத் தந்தை பார்க்கக்கூடிய இடத்துக்குக் கொண்டுவருவது என்று ஹனஃபி நூலில் படித்ததை அந்தப் பெண் படிக்காமலே சொன்னார்.

தடுப்புக் கட்டைக்கு இந்தப் பக்கம் அத்தா, அந்தப் பக்கம் மாமன் தோளில் மகன். காவலுக்கு நின்றவர்கள் விஷயம் தெரிந்து ஒன்றும் சொல்லவில்லை. சட்டைப் பையைக் கட்டையின் மேல் வைத்துவிட்டு இவர் பின்னால் வந்தார், மாமன் போய் எடுத்துக்கொண்டார். பத்து நிமிடம் இருக்கும். மகன் முகக்கவசத்தை இறக்கச் சொன்னானாம். தூரத்தில் நின்று இறக்கிக் காட்டினார்.

இடையில் தளர்வும் இறுக்கமுமாகப் போய், மாநிலத்துக்குள் இ-பாஸ் ரத்தானது செப்டம்பர் 1-ல். மாவட்டங்களுக்கிடையே பஸ் ஓடியது 7-ம் தேதி. 13-ம் தேதி, இரண்டாவது ஞாயிறு, தந்தை திருவண்ணாமலைக்கே போனார். நன்னா வீட்டுத் திண்ணையில் உட்கார வைத்தார்கள். முதல் அரைமணி நேரம் பிள்ளை தாயின் முந்தானையை விடவில்லையாம்.

அந்த மாதமே பழைய பத்திரத்தை எடுத்து மறுபடி எழுதினோம். 2021 மே 10-ல் இரண்டாவது அலை ஊரடங்கு வந்தது. நான்கு நாளில் பெருநாள். இந்த முறை செஞ்சி வீட்டில் தொற்று, தந்தைக்கே. அவரே அன்று மாலை திருவண்ணாமலைக்குச் சொல்லிவிட்டார். பெருநாள் காலையில் வீடியோவில் மகன் ஓதிக் காட்டிய சூராவைப் படுக்கையிலிருந்து கேட்டார். தவறிய மூன்று ஞாயிறுகளைத் தாய்மாமன் தன் கடை நாட்காட்டியில் வட்டமிட்டு வைத்திருந்து, ஜூலையில் திருப்பித் தந்தார்.